காதில் விழாத மர்மர்

கேள்வி: நான் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். எழுத்துத் தேர்வுகளில் எப்போதும் முதல் ஐந்து பேருக்குள் வந்துவிடுவேன். ஆனால் போன மாதம் நடந்த ஆஸ்கி செய்முறைத் தேர்வில், அதாவது மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய் ஒவ்வொரு பணியைச் செய்து காட்டும் தேர்வில், தோற்றுவிட்டேன். வயிற்றுப் பரிசோதனை ஸ்டேஷனில் எடுத்த எடுப்பிலேயே வலிக்கிற இடத்தில் கையை வைத்துவிட்டேன். நோயாளி முகம் சுளித்ததும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே மறந்துபோனது. நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்கும் ஹிஸ்டரி ஸ்டேஷனில் பாதிக் கேள்விகள் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. இதய ஸ்டேஷனில் எனக்கு மர்மர் (இதய ஒலிகளுக்கு இடையே வரும் இரைச்சல்) எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் தேர்வில் ஏதாவது இல்லாமலா வைத்திருப்பார்கள் என்று நினைத்து, சிஸ்டாலிக் மர்மர் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அங்கே படுத்திருந்தவர் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தேர்வாளர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை, அதைப் பார்த்துப் பார்த்தே என் கை நடுங்கியது. இரண்டு மாதத்தில் மறுதேர்வு. மதிப்பெண் தாளில் இருக்கும் செக்லிஸ்ட்களை இன்னும் நன்றாக மனப்பாடம் செய்தால் போதுமா? நடுக்கத்துக்கு நண்பர்கள் சிலர் மாத்திரை போடுகிறார்கள், நானும் போடலாமா?

பதில்:

தம்பி, கை நடுக்கம், நேரம் போதாமை, தேர்வாளரின் முகம் எல்லாம் இரண்டு மாதத்தில் சரிசெய்துவிடக் கூடியவைதான். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மர்மர் வரியை. போகிற போக்கில் மூன்றாவது தவறாக அதை எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அதுதான் முதல் தவறு, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திட்டுவதற்காக இல்லை. நானும் இதைச் செய்தவன்தான். மாணவனாக இருந்தபோது ஒரு லாங் கேஸில், அதாவது ஒரே நோயாளியை முழுதாகப் பரிசோதித்துத் தேர்வாளரிடம் சொல்லும் பழைய தேர்வில், நரம்பு மண்டலப் பரிசோதனை முடிவுகளை மளமளவென்று ஒப்பித்துக்கொண்டு வந்தேன். "கணுக்கால் அனிச்சை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, சார்" என்றேன். தேர்வாளர் என் கையைப் பார்த்தார், சட்டைப் பையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "எதால் தட்டினீர்கள்?" என்று கேட்டார். என் சுத்தியல் வெளியே நண்பன் கையில் இருந்தது. முழங்காலை விரல் நுனியால் தட்டி ஒப்பேற்றியிருந்தேன், கணுக்காலுக்குப் போகவே இல்லை. அந்த நோயாளிக்கு நீரிழிவால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. கணுக்கால் அனிச்சை இரண்டு பக்கமும் அறவே கிடையாது. அந்தக் கேஸே அதில்தான் இருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வரிசை மனப்பாடமாக இருந்தது, வாய் முன்னால் போய்விட்டது, கை பின்தங்கிவிட்டது. உங்கள் விஷயம் இன்னும் பரிதாபம். நீங்கள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் இல்லை என்று உங்கள் காது சரியாகவே சொல்லியிருக்கிறது. அந்தக் காதை விட்டுவிட்டு, தேர்வு வைத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகிக்கப் போய்விட்டீர்கள்.

அந்த ஊகமும் தப்பு. ஒரே நாளில் வரிசையாக வரும் அத்தனை மாணவர்களும் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, சாய், நிமிர், மூச்சை நிறுத்து என்று சொல்லும்போது, உண்மையான வால்வு நோயாளி ஒருவரை அங்கே படுக்க வைப்பது கொடுமை. சில தேர்வுகளில் உடல்நிலை சீராக உள்ள நோயாளிகளைக் கேட்டு அழைத்து வருவதுண்டு. மற்றபடி கட்டிலில் இருப்பவர் பெரும்பாலும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்தான். அங்கே சோதிக்கப்படுவது நீங்கள் பரிசோதிக்கும் முறையும், கிடைத்ததை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும்.

இல்லாத மர்மரைச் சொன்ன பிறகு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "எந்த இடத்தில் அதிகமாகக் கேட்டது?" என்று கேட்டிருப்பார். ஏதோ ஓர் இடம் சொல்லியிருப்பீர்கள். "எங்கே பரவுகிறது?" அக்குள் பக்கம் என்றிருப்பீர்கள், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டே நிமிடத்தில் ஒரு முழு மைட்ரல் வால்வு நோயையே உருவாக்கி அந்த மனிதர் நெஞ்சில் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். வார்டில் இது நடந்தால் அவருக்குத் தேவையில்லாத எக்கோ (இதய ஸ்கேன்), ஒரு வாரப் பயம். தலைகீழாக நடந்தால், அதாவது பார்க்காத கணுக்காலைப் பார்த்ததாகச் சொன்னால், அடுத்து வருகிற மருத்துவர் அதை நம்பித் தானும் பார்க்காமல் போய்விடுவார். ஒரு மர்மரைத் தவறவிட்ட மாணவரைத் தேர்வாளர்கள் மன்னிப்பார்கள், காது பழகப் பழக வரும் என்று தெரியும். இல்லாததைச் சொல்கிறவரைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம்.

சரி, ஒன்றும் கேட்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது? மென்று விழுங்காமல் சொல்லுங்கள்: "முதல் ஒலியும் இரண்டாம் ஒலியும் தெளிவாகக் கேட்கின்றன. மர்மரோ கூடுதல் ஒலியோ எனக்குக் கேட்கவில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுக்கவைத்து, இதய நுனியில் ஸ்டெதாஸ்கோப்பின் பெல் பக்கத்தை வைத்துக் கேட்டேன். முன்பக்கம் சாய்ந்து உட்காரவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்திலும் கேட்டேன்." முதலில் சொன்னது மைட்ரல் வால்வு சுருக்கத்தின் மெல்லிய ஒலியைத் தேடுவதற்கு, இரண்டாவது அயோர்ட்டா வால்வு கசிவைத் தேடுவதற்கு. தேட வேண்டிய இடங்களில் எல்லாம் தேடிவிட்டுச் சொல்லும் "இல்லை"க்குக் கனம் உண்டு. கேட்கும்போது இன்னொரு கையின் விரல்களைக் கழுத்து நாடியில் வைத்துக்கொள்ளுங்கள். நாடித் துடிப்போடு சேர்ந்து வருவது சிஸ்டலி, அதாவது இதயம் சுருங்கும் நேரம். பாதி மாணவர்கள் இதைச் செய்வதில்லை, அப்புறம் எந்த ஒலி முதல், எந்த ஒலி இரண்டாவது என்று குழம்புகிறார்கள்.

மறுதேர்வுக்குள் ஆரோக்கியமான முப்பது பேரின் இதயத்தையாவது கேட்டுவிடுங்கள். வகுப்பு நண்பர்கள், விடுதித் தோழர்கள், ஒத்துக்கொள்கிற யாராக இருந்தாலும் சரி. நீங்கள் எல்லோரும் அபூர்வமான மர்மரைத் தேடி வார்டு வார்டாக ஓடுகிறீர்கள். சாதாரண இதயம் எப்படி ஒலிக்கும் என்பதே காதில் பதியாதபோது, எதையும் "இல்லை" என்று சொல்லத் தைரியம் எங்கிருந்து வரும்?

இனி செக்லிஸ்ட். மனப்பாடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வரிசை தெரியாமல் ஸ்டேஷனுக்குள் போக முடியாது. ஆனால் அது எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் இவ்வளவு பாரம் வைக்க மாட்டீர்கள். பழைய லாங் கேஸ் தேர்வில் பாதி அதிர்ஷ்டம். ஒருவருக்குத் தன் நோயின் கதையைக் கோவையாகச் சொல்லும் நோயாளி கிடைப்பார், இன்னொருவருக்கு வாயே திறக்காதவர் கிடைப்பார். தேர்வாளரின் அன்றைய மனநிலை வேறு இருக்கிறது. இந்த அநியாயத்தைக் குறைக்கத்தான் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஆஸ்கி முறையை உருவாக்கி 1975-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் தாள். செக்லிஸ்ட் என்பது தேர்வாளரின் கையைக் கட்டிப்போட வந்த சாதனம். உங்களுக்கு எழுதிக் கொடுத்த வசனம் இல்லை.

அதற்கும் ஒரு குறை இருக்கிறது. பிரையன் ஹாட்ஜஸ் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவம் கூடக் கூடச் செக்லிஸ்ட் மதிப்பெண் கூடவில்லை. அனுபவசாலிகள் எல்லாக் கட்டத்தையும் நிரப்புவதில்லை, தேவையானதைக் கேட்டு நேராக விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒட்டுமொத்தமாக எப்படிச் செய்தார் என்று தேர்வாளர் தரும் மதிப்பீட்டில்தான் அனுபவம் தெரிந்தது. அதனால்தான் இப்போது பல இடங்களில் செக்லிஸ்டோடு சேர்த்து அப்படி ஒரு மதிப்பீடும் கேட்கிறார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் அந்த இடத்தில் அடிவாங்குவீர்கள்.

உங்கள் வயிற்று ஸ்டேஷன் இதற்கு நல்ல உதாரணம். 1963-இல் ஹவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் லாஸ் ஏஞ்சலிஸில், நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதித்தார். இன்றைக்கு ஸ்டேஷன் கட்டிலில் படுத்திருப்பவர்களில் பலர் அந்த வழியில் வந்தவர்கள். அவர் முகம் சுளித்தது பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததாகவே இருக்கலாம். அந்தச் சுளிப்பே உங்களுக்கான கேள்வி. தவறிக் கை பட்டதற்காகப் போன மதிப்பெண் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு நீங்கள் அவரை விட்டுவிட்டு உங்கள் பயத்துக்குள் போனீர்களே, அங்கேதான் ஸ்டேஷன் போயிற்று.

அந்த நொடியில் கையை எடுத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க, வலிக்குதா? எந்த இடத்துல ரொம்ப வலிக்குது, ஒரு விரலால காட்டுங்க. அந்த இடத்தைக் கடைசியா, மெதுவாத் தொடுறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். உண்மையில் இதைக் கையை வைப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கையை உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். படுக்கையைத் தட்டையாக்குங்கள், இதயத்துக்கு வைத்த 45 பாகைச் சாய்விலேயே வயிற்றைத் தொடுகிறவர்கள் நிறைய. கட்டில் தாழ்வாக இருந்தால் மண்டியிட்டோ உட்கார்ந்தோ உங்கள் முன்கை வயிற்றின் மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள். வலிக்கும் இடத்துக்கு எட்டப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கல்லீரலைத் தேடினாலும் மண்ணீரலைத் தேடினாலும் கை புறப்பட வேண்டிய இடம் வலது அடிவயிறு. மேலேயே தொடங்கினால் நன்றாக வீங்கிய உறுப்பின் மேலேயே கையை வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் கண். வயிற்றைத் தொடும்போது உங்கள் கண் அவர் முகத்தில் இருக்க வேண்டும். இது ஏதோ மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. எங்கே வலிக்கிறது என்பதை வாய் சொல்வதற்கு முன் முகம் சொல்லிவிடும். நீங்கள் தேர்வாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் உங்களுக்கு ஏதாவது சொல்லக்கூடிய முகம் ஒன்றே ஒன்றுதான், நீங்கள் பார்த்தது இன்னொன்றை.

அந்தக் கல் முகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தான் உட்கார வைக்கிறார்கள். ஒருவருக்குத் தலையாட்டி இன்னொருவருக்கு ஆட்டாமல் விட்டால் அது அநியாயம் இல்லையா? காலையிலிருந்து அதே பரிசோதனையை இருபது, முப்பது முறை பார்த்துவிட்டு, முதுகு வலியோடு, அடுத்த இடைவேளை எப்போது என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர் அவர். நான் முகத்தைச் சுருக்கினேன் என்று ஒரு மாணவி பிறகு அழுதுகொண்டே சொன்னார். எனக்கு அன்றைக்குப் புதுக் கண்ணாடி.

ஹிஸ்டரியில் நேரம் போதவில்லை என்கிறீர்கள். எல்லோரும் சொல்லும் குறை இது, பெரும்பாலும் காரணம் கேள்விகள் அதிகமாக இருப்பது. நோயாளி தொடங்கிய வாக்கியத்தை முடிக்க விடாமல் "எத்தனை நாளா? காய்ச்சல் இருக்கா? வாந்தி?" என்று தொடங்கிவிட்டால், அவர் ஒற்றைச் சொல் பதிலுக்கு மாறிவிடுவார். அதன் பிறகு ஒவ்வொரு தகவலையும் நீங்கள்தான் கேட்டுக் கேட்டுப் பிடுங்க வேண்டும், நேரம் போகாமல் என்ன செய்யும்? பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்கள் சராசரியாக 18 நொடிகளில் நோயாளியின் பேச்சுக்குள் குறுக்கிட்டார்கள். நீங்கள் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். "என்ன பிரச்சினைன்னு முதல்ல இருந்து சொல்லுங்க" என்று தொடங்கிவிட்டு, "சரி", "அப்புறம்?" இந்த இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செக்லிஸ்டில் உள்ளவற்றில் பாதியை அவரே சொல்லிவிடுவார். மீதியை மட்டும் கேட்டால் போதும். கடைசி ஒரு நிமிடத்தை, கேட்டதைச் சுருக்கி அவரிடமே திருப்பிச் சொல்லவும், அவர் மனதில் எந்தப் பயம் இருக்கிறது என்று கேட்கவும் ஒதுக்குங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு மதிப்பெண் வைக்காத ஹிஸ்டரி ஸ்டேஷனை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஹிஸ்டரி சின்ன விஷயம், ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடும் என்று மாணவர்களிடம் ஓர் அலட்சியம் இருக்கிறது. ஆஸ்கி வெளியான அதே 1975-இல், அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், ஹாம்ப்டனும் சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல்முறையாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, அனுப்பிய மருத்துவரின் கடிதத்தையும் ஹிஸ்டரியையும் வைத்தே எடுத்த முடிவு கடைசிவரை மாறவில்லை.

முதல் ஐந்து பேருக்குள் வருகிறவர் இங்கே ஏன் தோற்கிறார் என்பது உங்களை அரித்துக்கொண்டிருக்கும். ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார். தெரியும் என்பது ஒன்று, எப்படிச் செய்வது என்று தெரியும் என்பது இரண்டு, செய்து காட்டுவது மூன்று, அன்றாட வேலையில் செய்வது நான்கு. எழுத்துத் தேர்வு முதல் இரண்டைத்தான் தொடுகிறது. ஆஸ்கி மூன்றாவது படி. நீங்கள் மூன்றாவது படிக்கு முதல் படியிலேயே நின்று படித்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோ பார்த்து, மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. மனதுக்குள் செய்யும் பரிசோதனையில் யாருக்கும் வலிக்காது, சட்டைப் பொத்தான் சிக்காது, கட்டில் உயரம் இடிக்காது.

மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் மாணவர், ஒருவர் கையில் தாளும் கடிகாரமும் வைத்திருக்கும் தேர்வாளர். உண்மையான ஸ்டேஷன் எட்டு நிமிடம் என்றால் ஏழு நிமிடத்தில் மணி அடியுங்கள். முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூன்றில் அதிகம் கற்றுத்தருவது தேர்வாளர் நாற்காலி. மற்றவர் வாய்க்குள் முனகினால் எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது, பார்க்காததைச் சொல்லும்போது எவ்வளவு அப்பட்டமாகத் தெரிகிறது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் புரியும். நோயாளியாகப் படுத்துப் பாருங்கள், குளிர்ந்த கையின் அருமை தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வதா, முடித்துவிட்டுச் சொல்வதா என்பதை உங்கள் கல்லூரி வழக்கப்படி முடிவு செய்து, அதே மாதிரி பழகுங்கள். கை வேலை செய்யும் ஸ்டேஷன்களும் அப்படியே. நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். பொம்மை மேல் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பார்த்தவருக்குத்தான் ஒன்றரை நிமிடத்தில் ஆழம் குறைவது தெரியும்.

கை நடுக்கம். மாத்திரையைப் பற்றி நேராகச் சொல்கிறேன்: நண்பரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அவர்கள் போடுவது அநேகமாக புரோப்ரனோலாலாக இருக்கும். அட்ரினலின் வேலையைத் தடுத்து நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும் என்பது உண்மை. ஆஸ்துமா இருப்பவருக்கு அதுவே மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் தள்ளும், நாடியும் இரத்த அழுத்தமும் இறங்கித் தலைசுற்றலும் வரலாம். தேர்வு இல்லாத நாட்களிலும் கை நடுங்குகிறது, பயத்தில் தூக்கம் வருவதில்லை, சாப்பிட முடிவதில்லை என்றால் ஒரு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். தைராய்டு முதல் பலதையும் பார்த்து முடிவு செய்வது அவர் வேலை. தேர்வில் மட்டும் வரும் நடுக்கம் என்றால், கையை அந்தரத்தில் வைக்காதீர்கள். மணிக்கட்டை, சுண்டுவிரல் பக்கத்தை எதன்மேலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் கைகளுக்குச் சானிடைசர் தேய்க்கும் இருபது, முப்பது நொடி இருக்கிறதே, அது உங்களுக்குக் கிடைத்த ஓய்வு. அவசரப்படாமல் தேய்த்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.

ஒரு ஸ்டேஷன் சொதப்பினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த அறையில் இருப்பவருக்கு நீங்கள் முந்தைய அறையில் என்ன செய்தீர்கள் என்று தெரியாது. உங்கள் கடிதத்தில் இருக்கும் வரிசையைப் பார்த்தால், வயிறு சொதப்பிய பதற்றத்தோடு ஹிஸ்டரிக்கும், அந்த இரண்டின் பதற்றத்தோடு இதயத்துக்கும் போயிருக்கிறீர்கள் என்று படுகிறது. கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் பணிக்குறிப்பை இரண்டு முறை படியுங்கள். "பரிசோதிக்கவும்" என்று எழுதியிருக்கும் இடத்தில் ஹிஸ்டரி எடுத்து நேரத்தைத் தொலைத்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. ஸ்டேஷன் வாரியான மதிப்பெண்ணைத் துறையில் கேட்டு வாங்கிப் பாருங்கள், பல இடங்களில் கேட்டால் காட்டுவார்கள். தேர்வு முடிந்து வரும் மாணவர்களின் கணிப்பு அடிக்கடி தப்பாக இருக்கும். நீங்கள் சொதப்பியதாக நினைக்கும் வயிற்று ஸ்டேஷனில் தேறியிருக்கவும் கூடும். கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத வேறு ஏதோ இரண்டு ஸ்டேஷன்களில் போயிருக்கலாம். எவை என்று தெரிந்த பிறகு மறுபடி எழுதுங்கள்.